நாழிகைவழியும் ஒளியாண்டும்

தமிழ் அகராதியில் ‘நாழிகைவழி’ என்றொரு சொல் கிடக்கிறது. இன்று யாரும் அதைப் பாவிப்பதில்லை. ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடத்தில், ஒரு மனிதன் சாதாரணமாக நடந்து கடக்கும் தூரம் என்பது பொருள். ஏறத்தாழ ஒன்றரை மைல். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் எதுவும் வராது. நாழிகை முன்னால் நிற்கிறது. ‘வழி’ பின்னால் நின்று, நான் தூரத்தைத்தான் சொல்கிறேன் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

‘ஒளியாண்டு’ அப்படியில்லை. ஒளி ஓராண்டில் செல்லும் தூரம் அது. ஆனால் சொல்லின் இறுதியில் ‘ஆண்டு’ நிற்கிறது. தமிழில் தொகைச் சொல்லின் கடைசியில் நிற்பதைத்தான் நாம் பொருளாக எடுப்போம். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் பரீட்சையில் பத்துப் பிள்ளைகளாவது ‘ஒளியாண்டு என்பது காலத்தை அளக்கும் அலகு’ என்று எழுதிவிட்டு வருகிறார்கள். விஞ்ஞான ஆசிரியருக்குக் கோபம் வரும். நான் தமிழ் ஆசிரியன், பிள்ளைகளின் பக்கம் நிற்பேன். நன்னூல் படித்தவனுக்கு இது ஆகுபெயர் என்று விளங்கும். காலத்தின் பெயர் அந்தக் காலத்தில் கடந்த வழிக்கு ஆகி வந்திருக்கிறது. ‘ஒளியாண்டுவழி’ என்று மொழிபெயர்த்திருந்தால் அரைவாசிச் சிக்கல் தீர்ந்திருக்கும்.

இந்தச் சொல்லைத் தொட்டு எழுதக் காரணம் உண்டு. தூரத்தை நேரத்தால் சொல்வது வானியலாளர் கண்டுபிடித்த புதுமை என்று நமது பிள்ளைகள் நினைக்கிறார்கள். மலையகத்திலே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அப்படி நினைப்பதுதான் ஆச்சரியம். நமது வீடுகளில் இன்றைக்கும் தூரம் நேரமாகத்தான் பேசப்படுகிறது. இரண்டாவது காரணம், நேரத்தைத் தூரமாக மாற்றும் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. அதை மறந்தவர்கள் கடலிலும் தடுமாறினார்கள், மார்க்கச் சட்டத்திலும் தடுமாறுகிறார்கள், இப்போது வட்ஸ்அப்பிலும் தடுமாறுகிறார்கள்.

எனது மூத்தாப்பா பொட்டணி வியாபாரி. புடவை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தோட்டந்தோட்டமாக, லயம் லயமாக ஏறி இறங்கியவர். அவர் வாயில் மைல் என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. “ஸுபஹ் தொழுதுட்டு வெளிக்கிட்டா ளுஹருக்கு மேல் டிவிஷனுக்குப் போய்ச் சேரலாம், திரும்பி வாரதுக்கு அவ்வளவு செல்லாது” என்பார். போகும் தூரமும் வரும் தூரமும் வேறு வேறு. ஏற்றத்துக்கு ஒரு கணக்கு, இறக்கத்துக்கு இன்னொரு கணக்கு. வரைபடத்தைப் பார்ப்பவருக்கு இது வேடிக்கையாக இருக்கும். மூட்டை சுமந்தவருக்கு அதுதான் உண்மை.

அவருக்கு முந்திய தலைமுறைகளும் அப்படித்தான். கண்டி இராச்சியத்தில் முஸ்லிம்கள் ‘மடிகே பத்த’ என்ற பொதிமாட்டுப் பிரிவில் கடமை செய்தவர்கள். தவளம் எனப்பட்ட மாட்டுத் தொடர்களில் கரையிலிருந்து உப்பும் கருவாடும் மேலே போயின. பாக்கு கீழே வந்தது. பொதி சுமந்த மாட்டின் ஒரு நாள் நடையே அங்கு அலகு. சிங்களத்தில் ‘ஹூவ’ என்றொரு அளவு உண்டு. ஒருவர் ஹூ என்று கூவினால் கேட்கும் தூரம். நாம் ‘கூப்பிடு தூரம்’ என்கிறோமே, அதேதான். அது ஒலியின் எல்லையால் தூரத்தைச் சொல்வது. ‘கவ்வ’, ‘யொதுன’ என்பவை நடைக்குரிய பெரிய அளவுகள்.

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளருக்கோ நாள்தான் எல்லாம். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையால் மாத்தளைக்கு நூறு மைலுக்கு மேல் நடந்தார்கள். கங்காணிமார் அதை மைலாகச் சொல்லிக் கூட்டி வந்திருக்க மாட்டார்கள். எத்தனை நாள் நடை, இடையில் எங்கே தண்ணீர் என்பதே கேள்வி. கொலராவும் பசியும் சேர்ந்து பலரை வழியிலேயே முடித்தன. கண்டிக்கு 1867இல் வந்த புகையிரதம் ஹற்றனை 1884இலும் நானுஓயாவை 1885இலும் எட்டியது. தலைமன்னார்ப் பாதை 1914இல்தான் திறந்தது. அதற்குப் பிறகே அந்த நாள்கள் மணித்தியாலங்களாகச் சுருங்கின. நிலம் அப்படியே இருந்தது, நடப்பவர் மாறினார்.

நிபந்தனை இதுதான். நேரத்தால் சொன்ன தூரத்துக்குள் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன: நேரம் ஒன்று, அந்த நேரத்தில் போகிறவரின் வேகம் மற்றது. இரண்டாவதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எல்லோரும் ஒரே மாதிரி நடந்த காலத்தில் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அலகை மாற்றப் போகும்போதுதான் ‘யார் நடந்தது, எந்த நிலத்தில்?’ என்ற கேள்வி எழும்.

இந்தக் கேள்வியை நமது ஃபிக்ஹு நூல்கள் மிக நுட்பமாகக் கேட்டிருக்கின்றன. அதை நாம் தொழுகைச் சட்டமாக மட்டும் படித்துவிட்டு விடுகிறோம். முஸாபிர் நாலு ரக்அத் தொழுகையைச் சுருக்கித் தொழுவதற்கு எவ்வளவு தூரம் போக வேண்டும்? ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு மர்ஹலா. மர்ஹலா என்றால் பொதி சுமந்த ஒட்டகத்தின் ஒரு நாள் பயணம். அதை 16 பர்ஸக் என்றும் 48 ஹாஷிமீ மைல் என்றும் மாற்றி எழுதினார்கள். பர்ஸக் என்பதே பாரசீகத்திலிருந்து வந்த சொல். ஒரு மணி நேர நடை என்ற கருத்தில் பிறந்தது என்பர். அப்படிப் பார்த்தால் பதினாறு மணி நேர நடை, நாளுக்கு எட்டு மணி நேரமாக இரண்டு நாள். கணக்கு அழகாகப் பொருந்துகிறது.

இமாம் நவவி (ரஹ்) மின்ஹாஜில் ஒரு நுட்பம் சொல்கிறார்கள். கடலும் இந்த விடயத்தில் தரையைப் போன்றதே. ஒருவர் கப்பலில் அத்தனை மைல்களையும் சொற்ப நேரத்தில் கடந்துவிட்டாலும் அவர் முஸாபிர்தான் என்பது அதன் கருத்து. ஹிஜ்ரி 676இல் மறைந்த ஒருவர் இதைச் சொல்கிறார். நேரமாகப் பிறந்த அளவு நீளமாக மாறி உறைந்துவிட்டது. இனி எதில் ஏறிப் போனாலும், எவ்வளவு விரைவாகப் போனாலும், நீளம்தான் கணக்கு. இன்றைக்கு விமானத்தில் போகிறவர் கஸ்ர் செய்வதற்கும் இதே நியாயம்தான்.

ஹனஃபி மத்ஹபின் வழி வேறு. அங்கே மூன்று நாள் பயணம். ஹிதாயாவைப் பார்த்தால், பர்ஸக் கணக்கை அளவுகோலாக எடுக்க வேண்டியதில்லை என்பதையே சரியான கருத்தாக அது கொள்கிறது. கடலில் கடலுக்குப் பொருந்திய நடை, மலையில் மலைக்குப் பொருந்திய நடை. மலையில் மூன்று நாள் எடுக்கும் பாதை சமவெளியில் அதைவிட நீளமாக இருக்கும். அதற்காக மலைப் பயணியைக் குறைத்து மதிக்க முடியாது. நுவரெலியா மாவட்டத்தில் இருந்துகொண்டு இந்த வரியைப் படிக்கும்போது, மர்கீனானி இந்தப் பக்கம் ஒரு தடவை வந்து போனாரோ என்று எனக்குத் தோன்றும்.

நான் எந்தப் பக்கத்துக்கும் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அது உலமாக்களின் வேலை. எனக்கு வேண்டியது அளவையின் வரலாறு. ஒரு சாரார் நேரத்தை ஒருமுறை நீளமாக்கிவிட்டு நடப்பவரை விட்டுவிட்டார்கள். மற்றச் சாரார் நடப்பவரையும் நிலத்தையும் கடைசிவரை கணக்கில் வைத்தார்கள். அளவையியலில் இருக்கக்கூடிய இரண்டு வழிகளும் இவைதான்.

முதல் வழியில் ஒரு வில்லங்கம் காத்திருந்தது. மைல் என்றால் எந்த மைல்? நவவி இமாமின் கணக்கில் ஒரு மைலுக்கு 6,000 முழம். 4,000 முழம் என்று சொன்னவர்களும் உண்டு. முழமோ ஊருக்கு ஊர் வேறு. 4,000 முழக் கணக்கில் மைல் 1,848 மீற்றர் என்று எடுத்தால் 48 மைல் 88.7 கிலோமீற்றர். ‘மைல்’ என்ற சொல்லைக் கண்டதும் இங்கிலீசு மைலை எடுத்துக்கொண்டால் 77.25 கிலோமீற்றர். இடையில் 81, 83 என்றும் புத்தகங்கள் சொல்லும். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குத் தார் றோட்டால் ஏறத்தாழ 77 கிலோமீற்றர், பழைய கட்டைக் கணக்கில் சுமார் 48. மைல் கல்லை ‘கட்டை’ என்று சொல்வது நமது வழக்கம். இந்த இடத்தில் கட்டையும் கிதாபும் ஒரே எண்ணைச் சொல்கின்றன. சொல்லும் நீளம் ஒன்றல்ல. ஆசிரியர் ஓய்வறையில் இதைப் பற்றி வருடத்துக்கு ஒரு தடவையாவது வாக்குவாதம் வரும். “நாப்பத்தெட்டுத்தானே காக்கா, கட்டையில போட்டிருக்கே” என்று ஒருவர் தொடங்குவார். ஹாஷிமீ மைல் வேறு, இங்கிலீசு மைல் வேறு என்பதை விளக்குவதற்குள் இடைவேளை மணி அடித்துவிடும்.

இதே மைல்தான் கொலம்பஸையும் ஏமாற்றியது. ஒன்பதாம் நூற்றாண்டில் கலீஃபா மஃமூனின் கட்டளைப்படி வானியலாளர்கள் சிஞ்சார் சமவெளியில் வடக்கும் தெற்குமாக நடந்து, நட்சத்திர உயரம் ஒரு பாகை மாறும் தூரத்தை அளந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது 56⅔ அரபு மைல். அந்த மைலை ஏறத்தாழ 1,973 மீற்றர் என்று ஆய்வாளர் கணித்திருக்கிறார்கள், பெருக்கினால் 111.8 கிலோமீற்றர். இன்றைய கணக்கு சுமார் 111. இவ்வளவு நெருக்கமான அளவீடு. அல்-ஃபர்கானியின் நூல் வழியாக இந்த எண் இலத்தீனுக்குப் போனது. கொலம்பஸ் எண்ணை எடுத்துக்கொண்டார், மைலை எடுக்கவில்லை. சிறிய இத்தாலிய மைலாக அதை வாசித்ததால் பூமி அவருக்கு நாலில் ஒரு பங்கு சிறுத்துப்போனது. ஆசியா பக்கத்தில்தான் இருக்கிறது என்று நம்பிப் பாய் விரித்தார்.

ஒளிக்கு வருவோம். ஒளி நேரம் எடுத்துத்தான் பயணம் செய்கிறது என்பதே நீண்ட காலம் சர்ச்சையாக இருந்தது. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் ‘கிதாபுல் மனாழிர்’ நூலில் இதை ஆராய்ந்தார். மூடிய துவாரத்தைத் திறந்ததும் ஒளி எதிர்ச் சுவரை அடைகிறதே, அந்த அடைதல் எவ்வளவு சிறியதாயினும் ஒரு காலத்துக்குள்தான் நடக்க முடியும் என்பது அவரது வாதம். அடர்த்தி கூடிய பொருளுக்குள் ஒளி மெதுவாகப் போகும் என்றும் சொன்னார். அவருடைய சமகாலத்தவரான அல்-பிரூனியும் ஒளிக்கு வேகம் உண்டு, அது ஒலியைவிட மிகப் பெரியது என்ற கருத்தினர். அளக்க அவர்களிடம் கருவி இல்லை. அறுநூறு ஆண்டுகள் கழித்து வந்த கெப்ளரும் தெக்கார்த்தும் ஒளி கணமும் எடுக்காமல் பாய்கிறது என்றே எண்ணினார்கள் என்பதை நினைத்தால், முன்னவர்களின் தர்க்கத்துக்கு மரியாதை கூடுகிறது.

1676இல் பாரிஸில் வேலை செய்த டென்மார்க்குக்காரர் ஓலே றோமர் வியாழனின் துணைக்கோள் ஐஓவின் கிரகணங்களைக் கணித்துப் பார்த்தார். பூமி வியாழனை விட்டு விலகிப் போகும் மாதங்களில் கிரகணம் பிந்துகிறது, நெருங்கும்போது முந்துகிறது. ஒளி கூடுதல் வழி நடக்க வேண்டியிருப்பதுதான் காரணம் என்றார். பூமியின் சுற்றுப்பாதையைக் குறுக்காகக் கடக்க ஒளிக்கு 22 நிமிடம் வேண்டும் என்பது அவர் கணக்கு. சரியான விடை 16 நிமிடம் 38 செக்கன்.

பலர் கவனிக்காத ஒன்று இங்கே இருக்கிறது. றோமர் ஒளியின் வேகத்தைச் சொல்லவில்லை. செக்கனுக்கு இத்தனை மைல் என்று அவர் எழுதவேயில்லை. சூரியன் எத்தனை மைலில் இருக்கிறது என்று அக்காலத்தில் உறுதியாகத் தெரியாது. 1728இல் ஜேம்ஸ் பிராட்லி வேறொரு முறையில் சூரிய ஒளி நம்மை வந்தடைய 8 நிமிடம் 12 செக்கன் என்றார், அதுவும் நேரம்தான். மனிதன் சூரியனின் தூரத்தை ஒளி நடையாக ஓரளவு சரியாக அறிந்துகொண்ட காலத்தில், அதே தூரம் மைலில் எவ்வளவு என்பது இன்னும் இழுபறியிலேயே இருந்தது. மூத்தாப்பா மேல் டிவிஷனை ளுஹரால் அறிந்திருந்த மாதிரி.

மைலாக மாற்ற வேண்டுமென்றால் ஒளியைத் தரையில் அளக்க வேண்டும். பிரான்சின் ஃபிஸோ 1849இல் அதைச் செய்தார். சுரேன் என்ற இடத்திலிருந்து மொன்மாத்ர குன்றுக்கு 8,633 மீற்றர். நுவரெலியாவிலிருந்து நானுஓயா நிலையம் எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு. சுழலும் பற்சக்கரத்தின் ஒரு இடைவெளியால் ஒளியை அனுப்பி, தூரத்துக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வருவதற்குள் அடுத்த பல் வந்து மறைக்கும்படி சக்கரத்தை வேகப்படுத்தினார். கிடைத்த விடை செக்கனுக்கு 313,000 கிலோமீற்றர். ஐந்து வீதத்துக்கும் குறைவான பிழை.

ஒளியாண்டு இந்தக் காலத்துப் பிள்ளை. 1838இல் பெஸ்ஸல் 61 சிக்னி என்ற நட்சத்திரத்தின் தூரத்தை முதன்முதலாக அளந்து, அதன் ஒளி நம்மை அடையப் பத்தாண்டுக்கு மேலாகும் என்றார். 1851இல் ஒட்டோ ஊலே என்ற ஜெர்மானியர் பொதுமக்களுக்கான கட்டுரையில் ‘ஒளியாண்டு’ என்ற சொல்லையே அலகாகப் பாவித்தார். ஆண்டு என்று முடிகிற சொல் எப்படித் தூரமாகும் என்று வாசகர் கேட்பார்கள் அல்லவா? அதற்கு அவர் காட்டிய உவமை ஜெர்மன் நாட்டுப்புறத்தில் வழங்கிய ‘நடைமணி’. ஒரு மணி நேரம் நடக்கும் தூரம். எங்கள் நாழிகைவழிக்கு அது கூடப்பிறந்தது. ஊலேக்குத் தமிழ் தெரிந்திருந்தால் பெயரில் ‘வழி’யைச் சேர்த்திருப்பார் என்று வகுப்பில் பகிடியாகச் சொல்வதுண்டு.

மாற்றும் கணக்கு எளிது. பெருக்கத் தெரிந்தால் போதும். ஒளி ஒரு செக்கனில் 299,792.458 கிலோமீற்றர் செல்லும். இது ஓர் ஒளிச்செக்கன். அறுபதால் பெருக்கினால் ஒளிநிமிடம், ஏறத்தாழ 1 கோடி 80 இலட்சம் கிலோமீற்றர். சந்திரன் 1.28 ஒளிச்செக்கன் தூரத்தில் இருக்கிறது. சூரியன் 8 ஒளிநிமிடம் 19 ஒளிச்செக்கன். ஆண்டுக்குப் போகும்போது 365.25 நாள் என்று எடுக்க வேண்டும். அப்போது ஓர் ஒளியாண்டு 9.46 இலட்சம் கோடி கிலோமீற்றர். மைலில் 5.88 இலட்சம் கோடி. வானியலாளர் பாவிக்கும் பார்செக் கோணத்திலிருந்து வந்தது, நேரத்திலிருந்து அல்ல. ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு.

பிள்ளைகளுக்கு நான் ஒளிநாழிகைவழி கொடுப்பதுண்டு. 24 நிமிடத்தில் ஒளி 43.17 கோடி கிலோமீற்றர் போகும். சூரியனிலிருந்து வியாழன் அந்தக் கணக்கில் 1.8 நாழிகைவழி. கீழ்ப் பக்கமும் போகலாம். ஒரு மைலை ஒளி 5.37 மைக்ரோசெக்கனில் கடக்கிறது. ஒரு முழத்தை, பதினெட்டு அங்குலக் கணக்கில், ஒன்றரை நனோசெக்கனில். மர்ஹலாவையும் விடுவானேன்? 44.35 கிலோமீற்றர் மர்ஹலா என்று வைத்தால், ஒளியின் ஒரு நாள் நடை சுமார் 58 கோடி மர்ஹலா.

1983 ஒக்டோபரில் கதை தலைகீழானது. அதுவரை மீற்றரை வைத்து ஒளியை அளந்தார்கள். அந்த ஆண்டு கூடிய 17ஆவது நிறைகள், அளவைகள் பொது மாநாடு, ஒளி வெற்றிடத்தில் 1/299,792,458 செக்கனில் செல்லும் தூரமே மீற்றர் என்று வரைவிலக்கணம் கொடுத்தது. இனி ஒளியின் வேகம் அளந்து திருத்தப்படும் எண் இல்லை, விதித்த எண். கடையில் புடவை அளக்கும் மீற்றர் கோலும் அன்றிலிருந்து ஒரு நாழிகைவழிதான். இதற்கு ஒளி தகுதியானது ஏனென்றால், அது வெற்றிடத்தில் யார் பார்த்தாலும் ஒரே வேகத்தில் போகிறது. ஒட்டகம் களைக்கும், மாடு படுத்துவிடும். வரைவிலக்கணத்தில் ‘வெற்றிடத்தில்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கண்ணாடி இழைக்குள் ஒளி அதன் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஹிதாயா மலையை நினைவில் வைத்தது போல, இங்கேயும் நிலம் இன்னதென்று சொல்லியாக வேண்டும்.

இதெல்லாம் எங்கோ பாரிஸில் நடந்த கதை என்று விட முடியாது. நுவரெலியா நகரத்துக்கு மேலே நிற்கிற பீதுருதலாகல, 2,524 மீற்றர், இலங்கையின் அளவைக்கே நடுத்தூண். நில அளவைத் திணைக்களத்தின் தேசிய வரைபட வலையின் மூலப்புள்ளி அந்த உச்சிதான். பழைய வலையில் அதற்குக் கிழக்கு 200,000 மீற்றர், வடக்கு 200,000 மீற்றர் என்று எண் கொடுத்தார்கள். தீவின் எந்த மூலையும் மறை எண்ணாகிவிடக் கூடாது என்பதற்காக. பருத்தித்துறையில் இருக்கும் காணியோ தெவுந்தரையில் இருக்கும் காணியோ, அதன் இடம் இந்த மலையிலிருந்தே எண்ணப்படுகிறது. 1999இல் ஜி.பி.எஸ். அளவீட்டின் மேல் புதிய வலை அமைந்தபோது எண் 500,000 ஆக மாறியது, மலை மாறவில்லை. ஜி.பி.எஸ். என்றால் முழுக்க முழுக்க ஒளிநடைக் கணக்கு. செய்மதி சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்திலிருந்து தன் நேரத்தை அனுப்புகிறது. வானொலி அலையும் ஒளியின் வேகத்தில் செல்வதால், எடுத்த நேரத்தை அந்த வேகத்தால் பெருக்கித் தூரம் காண்கிறார்கள். நேரத்தில் ஒரு மைக்ரோசெக்கன் பிழைத்தால் இடத்தில் 300 மீற்றர் பிழைக்கும்.

அதற்கு முன் தோட்டங்களை அளந்தது சங்கிலி. குன்டர் சங்கிலி 66 அடி, எண்பது சங்கிலி ஒரு மைல். சரிவில் அளக்கும்போது சங்கிலியை நிலத்தோடு படுக்க விடமாட்டார்கள். மட்டமாகப் பிடித்து, படி படியாக இறக்கி அளப்பார்கள். காணி உறுதியில் ஏறுவது இந்த மட்டமான அளவுதான். ஆகவே 30 பாகைச் சரிவில், உறுதியில் ஓர் ஏக்கர் என்று இருப்பது காலுக்குக் கீழே 1.15 ஏக்கர். கொழுந்து பறிக்கிறவர் நடப்பது இந்த 1.15 ஏக்கரில். சங்கிலி போய் ஒளி வந்த பின்னும் இந்த வழமை மாறவில்லை.

இனி வட்ஸ்அப் சங்கதி. அல்குர்ஆனில் ஒளியின் வேகம் இருக்கிறது என்று ஒரு கணக்கு சில காலமாகச் சுற்றுகிறது. ஸூரத்துஸ் ஸஜ்தாவின் 5ஆம் வசனத்தில் ஒரு நாள் உங்கள் கணக்கில் ஆயிரம் ஆண்டுக்குச் சமம் என்ற கருத்து வருகிறதல்லவா? ஆயிரம் ஆண்டில் சந்திரன் 12,000 தடவை பூமியைச் சுற்றும் தூரத்தை ஒரு நாளால் வகுத்தால் ஒளியின் வேகம் வருகிறதாம். உயர்தரப் பிள்ளை ஒன்று அதை என்னிடம் கொண்டுவந்தது. இருவருமாக இருந்து பெருக்கிப் பார்த்தோம். நேராகப் பெருக்கினால் செக்கனுக்கு 336,000 கிலோமீற்றர் அளவில் வருகிறது. வேண்டிய எண் கிடைக்க, சூரியனின் ஈர்ப்பு என்று ஒரு காரணம் சொல்லி 0.89ஆல் பெருக்குகிறார்கள். விடையை முன்னால் வைத்துக்கொண்டு கணக்கைப் பின்னால் தைப்பது இது. அதுவும், 299,792 என்ற இலக்கங்கள் மீற்றரும் செக்கனும் மனிதர் கூடி வகுத்ததால் வந்தவை. மீற்றரை வேறாக வகுத்திருந்தால் எண்ணும் வேறாகியிருக்கும்.

நமது பழைய முஃபஸ்ஸிரீன்கள் இந்த வசனத்தை எப்படி அணுகினார்கள்? தபரீயின் தஃப்ஸீரில் வரும் ஒரு கருத்தின்படி, இறங்குவதற்கு ஐந்நூறு ஆண்டு, ஏறுவதற்கு ஐந்நூறு ஆண்டு, மனிதர் பயணக் கணக்கில். ‘ஐந்நூறு ஆண்டுத் தூரம்’! ஆண்டு என்ற சொல்லால் தூரத்தைச் சொல்வது ஊலேக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மிடம் இருந்திருக்கிறது. பெருமைப்பட வேண்டுமென்றால் இதற்குப் பெருமைப்படலாம். அதற்காக அதையும் மாற்றிப் பார்க்கக் கிளம்பக் கூடாது. நாளுக்கு ஒரு மர்ஹலாவாக ஐந்நூறு ஆண்டு நடந்த தூரத்தை ஒளி அரை நிமிடத்துக்குள் கடந்துவிடும். சூரியன் வரைக்குமே போகாது. அந்த அறிஞர்கள் வானத்துக்குச் சங்கிலி போடவில்லை. மனிதக் கால் எட்டாத தூரம் என்பதை மனிதக் கால் அறிந்த அலகில் சொன்னார்கள். எல்லா எண்ணும் மாற்றுவதற்காகச் சொல்லப்பட்டதில்லை என்று அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன். அது கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் போனது. இரண்டு நாள் கழித்து வந்து, இப்னுல் ஹைதமைப் பற்றி வாசிக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டது.

இப்போது தரம் பத்துக்கு ஒரு பயிற்சி கொடுக்கிறேன். வீட்டிலிருந்து பாடசாலைக்கு எவ்வளவு தூரம் என்று மூன்று விதமாக எழுத வேண்டும்: போன் வரைபடத்தில் உள்ளபடி, வீட்டில் சொல்கிறபடி, ஒளிநடையில். பிள்ளையைப் பள்ளிக்குச் சேர்க்கும்போது தூரத்தை நேர்கோட்டில் பார்ப்பதுதான் வழக்கம். நேர்கோடு பள்ளத்தாக்கைத் தாண்டிப் பறந்துவிடுகிறது. போன தவணை ஒரு பிள்ளை எழுதியது: நேர்கோட்டில் 900 மீற்றர். ஒளிக்கு 3 மைக்ரோசெக்கன். வீட்டுக் கணக்கை இப்படி எழுதியிருந்தது: “பாலத்தால போனா முக்கால் மணித்தியாலம். மழை பேஞ்சா பாலத்தால போகேலாது, மடுவத்தடியால சுத்திப் போகணும், ஒண்டேகால்.”